முறிந்த எலும்பும் முந்திய சாட்சியும்

அரபுக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவன், தூய்மை பற்றிய பாடத்திலேயே ‘ஜபீரா’ என்னும் சொல்லைச் சந்தித்துவிடுகிறான். முறிந்த கையிலோ காலிலோ வைத்துக் கட்டப்படும் பத்தையை அச்சொல் குறிக்கும். உளூச் செய்பவர் அக்கட்டை அவிழ்க்க வேண்டுமா, அதன்மேல் ஈரக்கையால் தடவினால் போதுமா, குணமாகும் முன்பே கட்டு கழன்று விழுந்தால் சட்டம் யாது என்றெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் விரித்துரைக்கின்றன. இச்சொல்லின் வேர் ‘ஜப்ர்’. உடைந்ததை ஒன்றுசேர்த்தல் என்பது அதன் பொருள். கணிதத்தில் ‘அல்ஜீப்ரா’ என வழங்கும் பெயரும் இவ்வேரில் கிளைத்ததே. ஸ்பானிய மொழிக்குள் புகுந்த இச்சொல் அங்கே ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்னும் உருவில் எலும்பு கட்டும் வைத்தியரைக் குறித்தது. செர்வான்டிஸ் 1615இல் வெளியிட்ட டான் குவிக்ஸோட் நாவலின் இரண்டாம் பாகத்திலும் அத்தகைய வைத்தியர் ஒருவர் வருகிறார்.

இத்தகைய செய்திகள் நம் உள்ளத்தைப் பூரிக்கச் செய்வது இயல்பே. ஆனால், இப்பூரிப்பிலிருந்து நம்மவர் பலர் ஒரே தாவலில் எட்டிவிடும் முடிவு ஒன்றுண்டு. இன்றைய மருத்துவ உலகம் கண்டவை யாவும் நம் முன்னோர் நூல்களில் முன்பே உள்ளன. மேனாட்டுக் கம்பெனிகள் அவற்றைத் திருடிக் காப்புரிமை பெற்றுவிட்டன என்பதே அது. மேடைகளிலும் நம் இதழ்களிலும் அடிக்கடி ஒலிக்கும் இக்கூற்றைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். எலும்பைச் செப்பனிடும் மருந்துக் கலவைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இத்துறையில் பழைய நூல்களும் உண்டு. புதிய வழக்குகளும் உண்டு. நம் தெருவிலேயே கட்டுப் போடும் கைகளும் உண்டு.

காப்புரிமை கேட்கும் சாட்சி

காப்புரிமை என்பது புதியதொன்றைக் கண்டறிந்தவருக்கு, அதை அவர் உலகறிய எழுதி வெளியிடுவதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம் வரை அரசு வழங்கும் தனியுரிமை. இந்தியாவிலும் பெரும்பாலான நாடுகளிலும் அக்காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அறிவை எவரும் உடைமையாக்க முடியாது என்று கூறி இவ்வுரிமையை அடியோடு தள்ளிவிடுவோரும் நம்மிடையே உளர். ஆயினும், 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலுரிமை, வணிகப் பெயர், கண்டுபிடிப்புரிமை ஆகியவை ஷரீஅத்தின் பார்வையில் மதிக்கத்தக்க உரிமைகளே என்று தீர்மானித்தது. ஆதலின், காப்புரிமை என்ற ஏற்பாட்டின்மீது நமக்கு வழக்கில்லை. புதிதல்லாத ஒன்றுக்கு அது வழங்கப்படுவதன் மீதே வழக்கு.

புதிது அல்ல என்பதை மெய்ப்பிக்கும் சான்றே சட்டத்தின் மொழியில் ‘முன்னறிவு’ எனப்படுகிறது. விண்ணப்ப நாளுக்கு முன்பே அப்பொருள் உலகில் அறியப்பட்டிருந்தது என்பதற்கான சாட்சி அது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது அந்நியமான முறையன்று. ஓர் அறிவிப்பு எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும், அறிவித்தவர் யார், யாரிடம் கேட்டார், எப்போது வாழ்ந்தார், வாசகம் திரிபின்றி வந்ததா என்று நம் இமாம்கள் வினவினர். காப்புரிமை ஆய்வாளரும் ஏறத்தாழ அவ்வாறே வினவுகிறார்: எந்த நூல், எந்தப் பக்கம், எந்த ஆண்டு, அதில் சொல்லப்பட்டது இப்பொருள்தானா? ‘பெரியோர் சொன்னார்கள்’ என்பது இரு அவைகளிலும் சாட்சியாகாது.

மஞ்சள் வென்றது எவ்வாறு?

மஞ்சள் வழக்கு நம் நாட்டில் அறியாதார் இலர். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1996இல் மறு ஆய்வு கோரியது. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உள்ளிட்ட 32 சான்றுகளை முன்வைத்தது. 1997 ஆகஸ்டில் அக்கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. இவ்வெற்றியை நாம் கொண்டாடினோம். எதனால் வென்றோம் என்பதைச் சிந்திக்கவில்லை.

கோடிக்கணக்கான வீடுகளில் அடிபட்ட முழங்காலில் மஞ்சளை அப்பிய தாய்மார் அவ்வழக்கில் சாட்சிகளாகக் கொள்ளப்படவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒன்று வாய்மொழியாக அறியப்பட்டிருப்பதும் புழக்கத்தில் இருப்பதும் முன்னறிவாகா. அச்சில் வெளிவந்திருந்தால் மட்டுமே, அது எந்நாட்டு அச்சாயினும், சாட்சியாகும். இவ்வேறுபாடு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால்தான் நீங்கியது. ஆக, மஞ்சளைக் காத்தது மரபின் தொன்மை மட்டுமன்று. அம்மரபை ஏட்டிலேற்றி, அச்சிலேற்றி, பாதுகாத்து, வேண்டிய நாளில் எடுத்து நீட்டிய கைகளே அதைக் காத்தன.

எலும்பு வழக்கும் நம் நூல்களும்

இனி எலும்புக்கு வருவோம். இறந்தோர் தானமாக அளித்த எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச் சத்தை நீக்கிப் பொடியாக்கி, கிளிசரின் போன்ற ஒரு பொருளில் குழைத்துப் பசைபோலாக்கி, எலும்பு குறைந்த இடத்தில் நிரப்புவது இன்றைய அறுவை மருத்துவத்தில் வழக்கம். இத்தகைய கலவைகளுக்காக ஆஸ்டியோடெக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1994இல் காப்புரிமைகள் பெற்றது. தன் உரிமையை மீறியதாக ஜென்சை என்னும் நிறுவனத்தின்மீது 1998இல் வழக்குத் தொடுத்தது. 2001 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் நடுவர் குழு 1 கோடியே 75 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அடுத்த சில நாள்களிலேயே ஜென்சை நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது.

சுண்ணம் நீக்கிய எலும்பால் குழியை நிரப்புவது 1994இல் புதிதா? இல்லை. சிகாகோ நகர அறுவை மருத்துவர் நிக்கலஸ் சென், மாட்டெலும்பைச் சுண்ணம் நீக்கிப் பயன்படுத்தியதை 1889இலேயே எழுதி வெளியிட்டார். அத்தகைய எலும்பு தன்னைச் சுற்றிப் புதிய எலும்பைத் தோற்றுவிக்கவல்லது என்பதை மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் ஆய்வு வழியே காட்டினார். எனினும் காப்புரிமை நின்றது. ஏனெனில், அது கோரியது ‘எலும்பால் எலும்பைச் செப்பனிடுதல்’ என்ற பரந்த கருத்தை அன்று. பொடியின் தன்மை, அதைத் தாங்கும் பொருள், குழைவு ஆகியவை இணைந்த குறிப்பிட்ட கலவையை. முன்னறிவு எவ்வளவு பழையதாயினும், கோரிக்கையின் எல்லைக்குள் வந்து நின்றாலன்றி அதை வீழ்த்தாது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் நூல்களைத் திறப்போம். இமாம் நவவீ (ரஹ்) ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்தவர். அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், தொழுகையின் நிபந்தனைகளைப் பேசுமிடத்தில் ஒரு சட்டம் வருகிறது. தூய பொருள் கிடைக்காத நிலையில் ஒருவர் தம் எலும்பை அசுத்தமான ஒன்றைக் கொண்டு இணைத்துக்கொண்டால் அவர் மன்னிக்கப்படுவார். அவ்வாறன்றெனில், வெளிப்படையான தீங்குக்கு அஞ்சாதவரை அதை அகற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஷாஃபிஈ மத்ஹபு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிக்கடந்த வரி இது. இதில் மருத்துவ வரலாறு ஒன்று அடங்கியிருப்பதை நம்மில் எத்தனை பேர் நின்று நோக்கினோம்? பிற பொருளைக் கொண்டு மனித எலும்பை இணைப்பதும், அப்பொருள் உடலுள்ளேயே தங்கிவிடுவதும், பின்னர் அகற்றுவது தீங்காகக்கூடும் என்பதும், சட்ட அறிஞர் ஒருவர் விதி வகுக்கும் அளவுக்கு அன்று அறியப்பட்டிருந்தன. ஹனஃபீ மத்ஹபின் ‘ஃபதாவா ஆலம்கீரி’யும், ஆடு, மாடு, ஒட்டகம், குதிரை முதலியவற்றின் எலும்பால் மருத்துவம் செய்வதில் குற்றமில்லை, பன்றியின் எலும்பும் மனித எலும்பும் விலக்கு என்ற இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்தைப் பதிவு செய்கிறது. அவ்விமாம் ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்தவர்கள்.

இவை பெருமைக்குரிய சான்றுகள். ஆனால் எதற்குச் சான்றுகள்? இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்று எலும்பை உண்பதைக் குறிக்கிறதா, பொடித்துத் தூவுவதையா, உடைந்த இடத்தில் பொருத்துவதையா என்று பிரித்துரைக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் கூற்று ‘இணைத்தல்’ என்று தெளிவாகவே கூறுகிறது. எவ்வாறு இணைப்பது என்று கூறவில்லை. சட்ட நூலின் வேலை அதுவன்று. ஆகவே, பிறவுயிரின் எலும்பால் மனித எலும்பைச் செப்பனிடும் எண்ணம் முழுவதையும் ஒருவர் தமதெனக் கோரினால், இவ்வரிகள் அவருக்கு எதிராக எழுந்து நிற்கும். அமிலமும் பொடியும் கிளிசரினும் சேர்ந்த கலவையைக் கோரினால் இவ்வரிகள் மௌனமாகிவிடும். இந்த வேறுபாட்டை மறைத்து, ‘எல்லாம் ஃபிக்ஹில் இருக்கிறது’ என முழங்குவது அந்த இமாம்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. சொல்லாததைச் சொன்னதாக ஏற்றிக் கூறுவது எந்தத் துறையிலும் பொய்ச் சாட்சியமே.

வெளிப்பூச்சுக் கலவைகளில் நம் சாட்சி இன்னும் வலுவானது. கர்தபா நகரத்து அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி நிறைவு செய்த ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் முப்பதாம் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதன் மூன்றாம் இயல் முழுவதும் எலும்பு முறிவும் மூட்டுப் பிசகலும். மாவு அரைக்கும் ஆலையில் படியும் நுண்ணிய மாவுத் தூசியை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்து முறிவின்மேல் பூசும் முறையை அவர் எழுதுகிறார். இங்கே பொருளும் உண்டு, செய்முறையும் உண்டு. இதன் அரபு மூலம் லத்தீன் பெயர்ப்புடன் 1778இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறியது; ஆதலின் ஆண்டும் உண்டு. தமிழ்நாட்டு வைத்தியர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றிட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதைக் கண்டவர், இவ்விரண்டுக்கும் உள்ள நெருக்கத்தை உணர்வர். இன்று ஒருவர் மாவும் வெள்ளைக்கருவும் சேர்ந்த பற்றுக்கு உரிமை கோரினால் ஸஹ்ராவீயின் பக்கம் எழுந்து சாட்சி சொல்லும். உளுந்துப் பற்று எழுந்து சொல்லுமா என்பது, அது எங்கே எப்போது எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஒரு சொல் பிழைத்தால்

சாட்சியின் நாவு மொழி. அது பிழைத்தால் சாட்சியும் பிழைக்கும். அரபு மருத்துவ நூல்களில் எலும்பு முறிவுக்குப் புகழ்பெற்ற மருந்து ‘மூமியா’. பாரசீகத்தின் தாராப்ஜிர்து மலைப்பகுதியில் பாறையினின்று கசியும் கரிய பிசின் அது. இப்னு சீனா அதன் பயனைக் ‘கானூன்’ நூலில் கூறுகிறார். இச்சொல் லத்தீனுக்குச் சென்றபோது, எகிப்தின் பதப்படுத்திய பிணங்களில் காணப்பட்ட கரிய பொருளோடு கலந்து மயங்கியது. விளைவாக, ஐரோப்பிய மருந்துக் கடைகளில் பல நூற்றாண்டுகள் மனிதப் பிணத்தின் பொடி மருந்தாக விற்கப்பட்டது. ஒரு சொல்லின் பொருள் வழுவியதால் மனிதர் மனிதரை உண்ட கதை இது.

இந்நாட்டிலும் பெயர்க் குழப்பம் குறைவன்று. வடமொழியார் சிலாஜது என்பதைச் சித்தர் கன்மதம் என்பர். யூனானியார் பலர் அதையே மூமியாவோடு இணைத்துப் பேசுவர். இரண்டும் முற்றிலும் ஒன்றா என்பது தனி ஆய்வுக்குரியது. பிரண்டையைப் பாருங்கள்: தமிழில் வச்சிரவல்லி என்றும், வடமொழியில் எலும்பை இணைப்பது என்னும் பொருள்பட அஸ்திசம்ஹாரி என்றும், இந்தியில் ஹட்ஜோட் என்றும் வழங்கும். தாவரவியலார் ஒரு காலத்தில் வைட்டிஸ் குவாட்ராங்குலாரிஸ் என்றனர். இன்று சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ் என்கின்றனர். முறிந்த எலும்பு கூடுவதில் அதன் பயனை வாரணாசியைச் சேர்ந்த உடுப்பா, பிரசாத் ஆகியோர் ஆராய்ந்து 1964இல் வெளியிட்டனர். ஆய்வாளர் ஒரு பெயரில் மட்டும் தேடினால் மற்றப் பெயர்களில் இருக்கும் ஆயிரமாண்டுச் சாட்சியும் அவர் கண்ணில் படாது.

இக்குறையைப் போக்கவே 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. சமஸ்கிருதம், தமிழ், அரபு, பாரசீகம், உருது முதலிய மொழிகளில் உள்ள ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, 2009 முதல் ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. அரபு மூலமும் தமிழ் மூலமும் ஒரே அவையில் அருகருகே சாட்சியாக நிற்கும் இப்பணி பாராட்டுக்குரியது. ஆனால், அது அச்சில் வெளிவந்த நூல்களையே ஆதாரமாகக் கொண்டது. நூலில் ஏறாதவை அதற்கு வெளியே நிற்கின்றன. ஆந்திரப் புத்தூரின் கட்டு, குமரி மாவட்ட வர்ம ஆசான்களின் கைப்பக்குவம், நம் ஊர்களில் தந்தை மகனுக்குக் காதோடு சொன்ன பச்சிலைப் பெயர்கள் ஆகியவற்றுக்கு நூலும் இல்லை, பக்கமும் இல்லை.

வேங்கிக்காலில் ஒரு குறிப்பேடு

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறியாக வேண்டும். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், நாம் குடியிருக்கும் தெருவில், எலும்பு கட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். மாட்டு வண்டியிலிருந்து விழுந்தவர், மலை சுற்ற வந்து கால் பிசகியவர் எனப் பலரும் சமய வேறுபாடின்றி அவர் திண்ணையை நாடி வந்தனர். பிரண்டை அவர் வேலியிலேயே படர்ந்திருந்தது. அவர் மறைந்த பின்பு பேரன் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து, “ஹஜ்ரத், இதுல என்னா எழுதியிருக்குதுன்னு பாருங்க, அத்தா இதப் பத்தி ஒண்ணும் சொல்லாமலே மவுத்தாயிட்டாங்க” என்று நீட்டினார். அரபுத்தமிழில் எழுதப்பட்டிருந்தது. தைலங்களும் பற்றுகளுமாக நாற்பதுக்கு மேற்பட்ட முறைகள். பலம், விராகனெடை என்று அளவுகள். கரையான் தின்றது போக எஞ்சியவை அவை.

படிக்க நம்மால் இயன்றது. ஆனால் ஓர் இலையின் பெயரில் புள்ளிகள் உதிர்ந்திருந்தமையால், அது எந்த இலை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எழுதியவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, யாரிடமிருந்து கற்றார் என்ற குறிப்பும் இல்லை. முப்பதாண்டுகளாக மாணவர்களுக்கு இஸ்னாதின் இன்றியமையாமையைக் கற்பித்து வரும் நாம், அடுத்த வீட்டுத் திண்ணைக்கு அன்றாடம் சலாம் சொல்லிக் கடந்தோமேயன்றி, அப்பெரியவர் வாழ்ந்த காலத்தில் அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அந்த இலையின் பெயரை அவர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். குற்றம் எந்தக் கம்பெனியுடையதும் அன்று.

இந்நிலையில் நாட்டின் சட்டம் என்ன தருகிறது என்பதையும் காண்போம். காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவு, மரபறிவையோ, மரபில் அறியப்பட்ட பொருள்களின் தெரிந்த பண்புகளைத் தொகுத்ததையோ கண்டுபிடிப்பாகக் கொள்ள மறுக்கிறது. 25ஆம் பிரிவு, ஒரு சமூகத்தில் வாய்மொழியாக நிலவும் அறிவையும் ஆட்சேபணைக்குரிய காரணமாக ஏற்கிறது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படும் முன், எவரும் ஆட்சேபிக்கலாம். காப்புரிமை அலுவலகத்தின் கிளை சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. வாய்மொழிக்கு மதிப்பளிக்கும் இவ்விதி, அன்றைய அமெரிக்கச் சட்டத்தினும் நீதியானது. எனினும், வாய்மொழியையும் யாரேனும் வந்து சொல்ல வேண்டுமல்லவா? சொல்லத் தெரிந்த வாய் மண்ணுக்குள் போன பின்பு, விதி மட்டும் ஏட்டில் இருந்து பயனென்ன?

எழுதி வைப்பதிலும் ஓர் இக்கட்டு இருப்பதை மறைக்கலாகாது. 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், தொகுத்து எழுதப்பட்ட மரபறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்குப் பயன்பகிர்வுக் கடமையிலிருந்து பெரிதும் விலக்களித்தது. எழுதாவிட்டால் அறிவுக்குச் சாட்சியில்லை. எழுதிவிட்டால் அறிந்தவருக்குப் பங்கில்லை. மின்னூலகம் பிறர் திருடாமல் கதவை அடைக்கிறது. கதவுக்குள் இருக்கும் வைத்தியரின் அடுப்பெரிய அது வழிசெய்யவில்லை. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, மரபறிவின் அடிப்படையில் காப்புரிமை கோருவோர் அவ்வறிவு எந்தச் சமூகத்தினுடையது என்பதை வெளியிட வேண்டும் என்கிறது. அது நடைமுறையில் எவ்வளவு பயன்தரும் என்பதைக் காலம் காட்டும். ஆனால், ‘இது இவர்களிடமிருந்து வந்தது’ என்று சொல்லவும், இவர்கள் யாரென்ற பதிவு எங்கேனும் இருக்க வேண்டும்.

திருமறையின் ஆக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். தவணை குறித்து எழுதிக்கொள்ளவும், எழுதத் தெரிந்தவர் மறுக்காமல் எழுதித் தரவும், சாட்சிகளை நிறுத்தவும் அது ஆணையிடுகிறது. சிறிய தொகையாயினும் எழுதச் சோம்பலாகாது என்கிறது. சில நூறு ரூபாய்க்கு இவ்வளவு பேணுதல் வேண்டுமெனில், தலைமுறைகளின் அறிவுக்கு எவ்வளவு வேண்டும்? முன்னோரிடம் நாம் பெற்றதும் ஒரு கடனே. அரபுத்தமிழை இன்றும் வாசிக்கத் தெரிந்தோர் அரபுக் கல்லூரிகளில்தான் எஞ்சியுள்ளனர். ஒவ்வொரு கல்லூரியும் தன் சுற்றுவட்டாரக் குறிப்பேடுகளைத் தேடி, தமிழ் எழுத்தில் பெயர்த்து, உரியவரின் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, அவரது சம்மதத்துடன் பதிந்து வைக்குமாயின், அது பல மேடைப் பேச்சுகளுக்கு மேலான தொண்டாகும்.

அக்குறிப்பேடு இப்போது நம் மேசையில் இருக்கிறது. பேரனை அருகமர்த்தி, அவருக்கு நினைவிருக்கும் இலைகளை வேலியோரம் சென்று பறித்துவரச் செய்து, ஒவ்வொன்றாக எழுதி வருகிறோம். இதுவரை பதினேழு முறைகள் தெளிந்துள்ளன. புள்ளி உதிர்ந்த அந்த இலை மட்டும் இன்னும் அகப்படவில்லை.